இஞ்சிச் சோடா முதலாளியின் மதுரை

கொட்டகலை கடைவீதியில் நல்லமுத்து முதலாளியின் சோடாக் கம்பெனிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சோடா இல்லை. மேசைக்கு மேலே, சாமி படங்களுக்கும் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த வாழ்த்து மடல்தான். சாமிக்கு ஒரு மாலை என்றால் இதற்கு இரண்டு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் கம்பெனிக்குப் புதுக் கட்டடம் திறந்த அன்றைக்கு வர்த்தகர் சங்கத்தின் பேரில் வாசித்துக் கொடுத்தது. எழுதியவர் அச்சகம் லெட்சுமணன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறவர். உயிரோடு இருக்கிறவனைப் புகழவும் செத்தவனைப் புகழவும் அவரிடம் ஒரே எழுத்துத்தான். நடுவில் இரண்டு சொல் மாறும், அவ்வளவுதான்.

மடலில் இப்படி இருந்தது: "பாரதத் திருநாடு ஏகி, மதுரை மாநகரில் மூவாண்டு தங்கி வணிகக் கலை பயின்று, அன்னை மீனாட்சியின் தேர்வடம் பிடித்த வேளையில் காற்பெருவிரலைக் காணிக்கையாய் ஈந்து, இலங்கை மீண்டு சோடாத் தொழில் கண்ட செம்மலே!"

நல்லமுத்து மதுரையைப் பார்த்ததே இல்லை. காஸ் சிலிண்டர் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது கடலைப் பார்த்திருக்கிறார். தாண்டியதில்லை.

அந்த மூன்று வருஷமும், அதாவது முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரைக்கும், அவர் இருந்தது நோர்வூட்டுக்கு மேலே மூங்கில்மடைத் தோட்டத்து மாட்டுப்பட்டியில். அப்போது அவர் 'அவர்' இல்லை, 'அவன்'. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மற்ற ஆண்கள் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவார்கள். இவன் சாணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரத் தொரை பங்களா ரோசாப் பாத்திக்குப் போவான். தோட்டத்தில் இரண்டு நல்லமுத்து இருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றவன் மடுவத்து நல்லமுத்து. இவன் சாணி நல்லமுத்து. பேர் பதிகிற செக்ரோலில் கிளாக்கரையா அப்படிப் பிரித்து எழுதவில்லை. எழுதியிருந்தால் பிற்காலத்தில் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

பட்டிக்குப் பொறுப்பு காளியாயி. இவனுக்கு நாலைந்து வயது மூத்தவள். அவள் வாய்க்குக் கங்காணியே இரண்டு அடி தள்ளித்தான் நிற்பான். கறுப்பன் என்கிற காளை ஒருநாள் இவன் இடது காலை மிதித்துப் பெருவிரலை நசுக்கிவிட்டது. காளையை ஒரு மூச்சு, இவனை ஒரு மூச்சு வைதுகொண்டே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். விரலில் பாதி போய்விட்டது. கூடை தூக்க முடியாது. வேலை இல்லாவிட்டால் பேர் விழாது, கூலியும் இல்லை. காளியாயி பங்களாவுக்குப் பால் கொண்டுபோகிற வழியில் சமையல்கார அப்புவிடம் சொல்லி, இவனைக் குசினிக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அங்கே தொரையின் விஸ்கியில் கலக்கச் சோடா அடிக்கிற கைமெஷின் ஒன்று இருந்தது. உட்கார்ந்தபடி பிடியைச் சுற்றலாம். நல்லமுத்து வணிகக் கலை பயின்ற மதுரை மாநகரம் அதுதான். நியாயமாகப் பார்த்தால் அந்த வாழ்த்து மடலை மாட்டுப்பட்டியில், கறுப்பன் கழுத்தில்தான் கட்டியிருக்க வேண்டும்.

சண்டைக் காலத்தில் தொரை பட்டாளத்துக்குப் போனார். அடுத்து வந்த தொரை புது மெஷின் கொண்டுவந்தார். பழையதைத் தூக்கிப் போட்டார்கள். தூக்கிப் போட்டதை எடுத்தாலும் தோட்டத்து வாசல் காவல்காரன் கேள்வி கேட்பான் என்று, காளியாயி அதைச் சாணிக் கூடைக்குள் வைத்து, மேலே சாணியை அப்பி, தன் தலையிலேயே தூக்கி பஸ் ரோட்டு வரைக்கும் கொண்டுவந்து இறக்கினாள். காவல்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டான்.

கொட்டகலையில் சோடா விற்கப் போகிறேன் என்று இறங்கியபோது கடைவீதியே சிரித்தது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு எவன் சோடா குடிப்பான்? முதல் ஆறு மாதம் ஒருவனும் குடிக்கவில்லை. போத்தல்கள் மட்டும் வெடித்தன. ஒரு கண்ணாடிச் சில்லு மோவாயைக் கிழித்தது. பிறகு இஞ்சிச் சாற்றை ஊற்றி, "வயித்துக்குச் சூடு, நெஞ்சுக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வருகிற சனம் அதை மருந்தாக நினைத்துக் குடித்தது. சாவு வீட்டிலும் சடங்கு வீட்டிலும் பெட்டி பெட்டியாக இறங்கியது. இதில் பொய் கிடையாது. இது அவருடைய கைப்பாடு.

பொய் வந்தது, பெண் பார்க்கப் போன இடத்தில். ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த சண்முகராஜா, தன் மகள் அழகம்மையைக் காட்டிவிட்டு, "மாப்பிள்ளை தொழில் பழகினது எங்கேயோ?" என்று கேட்டார். மாட்டுப்பட்டி என்று சொன்னால் காப்பி வராது என்று நல்லமுத்துவுக்குப் பட்டது.

"மதுரையில மாமா. மூணு வருசம்."

"அப்படியா! கால் ஏன் சாய்ஞ்சு நடக்குறீங்க?"

"தேர்ச் சில்லு ஏறிப்போச்சு."

காப்பி வந்தது. பெண்ணும் வந்தது. அதற்குப் பிறகு அந்த மதுரையை வருஷா வருஷம் வெள்ளையடித்துப் புதுசாக வைத்திருக்க வேண்டியதாயிற்று. சங்கத்துக் கூட்டத்தில் எழுந்தால், "உழைப்பு, குடும்பம், நெஞ்சுத் துணிவு, இந்த மூணும்தான் என்னோட முதல்" என்று தொடங்குவார். மூன்றாவது வசனத்தில் மதுரை வந்துவிடும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷமே தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமை போயிற்று. மறு வருஷம், வேண்டுமென்றால் எழுதிக் கேள் என்று இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணமானவன் முப்பத்தொன்பது தொடக்கம் ஏழு வருஷம் இந்த நாட்டை விட்டுப் போகாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். முதலில் எழுதாதே என்று சொன்ன தலைவர்கள் பிறகு எழுது என்றார்கள். ஐம்பத்தொன்று ஆகஸ்டு பிறந்து ஐந்து நாளோடு வாசல் அடைப்பு. அதற்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்து கடை வாசலில் மேசை போட்டு, அச்சகம் லெட்சுமணனை உட்கார வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் செய்தார். பொதுத் தொண்டு. சங்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் பத்தாவது ஆளாகக் காளியாயி நின்றாள்.

நல்லமுத்து சட்டென்று வரிசைக்கு முதுகைக் காட்டினார். அவள் வாய் அவருக்குத் தெரியும். மேசைக்கு வந்ததும் பேரைச் சொல்லமாட்டாள், "டேய் சாணி, நல்லா இருக்கியாடா?" என்றுதான் தொடங்குவாள். நாலு நாற்காலியும் திரும்பும். அவர் லெட்சுமணன் காதில் குனிந்தார்.

"அப்ளிகேசன் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிடும்."

லெட்சுமணன் தாள் கட்டைப் பார்த்தார். பதினொன்று இருந்தது.

"இருக்கே மொதலாளி."

"முடிஞ்சு போச்சுங்குறேன்."

அவர் சோடாப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். லெட்சுமணன் கையை விரித்தார். வரிசை முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. மற்றவர்கள் மறுநாள் ஹட்டனுக்குப் போய் எழுதிக்கொண்டார்கள். காளியாயிக்கு மறுநாள் பட்டியில் பசு கன்று போட இருந்தது. கன்று குறுக்கே கிடந்து இரண்டு நாள் இழுத்தது. பிறகு சனிக்கிழமை வரைக்கும் காய்ச்சல். அதற்குள் வாசல் அடைத்துவிட்டது. மிச்சமான பதினொன்றையும் நல்லமுத்து மேசை லாச்சிக்குள் அடியில் போட்டார்.

அவருடைய விண்ணப்பத்துக்கு விசாரணை வந்தது ஐம்பத்தாறில். பிரஜாவுரிமை கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. பிரஜை இல்லாதவனுக்குக் கடை லைசென்ஸ் கிடைக்குமோ கிடைக்காதோ, இரண்டு மகள்மாருக்கும் எந்த நாடு, கட்டிய கட்டடம் யாருக்கு, ஒன்றும் சொல்ல முடியாது. இருக்கிற பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ். நல்லமுத்து வாடகை ரசீது, மகள்மாரின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி வாழ்த்து மடலைக் கழற்றினார்.

"அது எதுக்குங்க?" என்றாள் அழகம்மை.

"இதுல சங்கத்து முத்திரை இருக்கு. பெரிய மனுசன் அஞ்சு பேர் கையெழுத்து இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"இல்லைங்க, அதுல..."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அழகம்மை சட்டத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனார், சீர்த்தட்டைப் போல.

விசாரணை அதிகாரி சிங்களவர், பொறுமையான மனுஷன். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ரசீதுகளைப் புரட்டினார்கள். எல்லாம் சரியாகவே போனது. சரியாகப் போனதே நல்லமுத்துவுக்குப் போதவில்லை. சேலையை அவிழ்த்துச் சட்டத்தை மேசைமேல் வைத்தார்.

"இது என்ன?"

"என்னோட வாழ்க்கைங்க ஐயா."

அதிகாரி கையைக் காட்ட, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். பாரதத் திருநாடு ஏகி என்ற இடத்தில் அதிகாரி பேனாவை எடுத்தார்.

"எந்த மூணு வருசம்னு கேக்குறாங்க."

மேடை மேடையாகச் சொன்ன நாக்கு. அவரைக் கேட்காமலே ஓடியது. "முப்பத்தொம்பது சித்திரையிலேருந்து நாப்பத்திரண்டு..." என்று சொல்லி, அப்புறம்தான் நின்றது.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அந்த வருசங்கள்ல நீங்க இலங்கையிலதான் இருந்தீங்கன்னு விண்ணப்பத்துல இருக்கு. மதுரையில இருந்தீங்கன்னு இதுல இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்கன்னு சொல்றாங்க."

"இது சும்மா எழுதினதுங்க."

"யார் எழுதினது?"

"அச்சகம் லெட்சுமணன்."

"யார் சொல்லி?"

நல்லமுத்து மோவாயைத் தடவினார். அதிகாரி ஆறு வாரம் தவணை கொடுத்தார். அந்த மூன்று வருஷமும் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும். சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதுவும் பைலில் சேர்ந்துவிட்டது. வெறும் சேலையை மடித்துக்கொண்டு வீடு வந்தார்.

மறுநாளே மூங்கில்மடைத் தோட்டத்து ஆபீஸ் கந்தோருக்குப் போனார். பழைய செக்ரோல் பத்திரமாக இருந்தது. இரண்டு நல்லமுத்தும் பத்திரமாக இருந்தார்கள். நாற்பதில் ஒருவன் பேர் வெட்டப்பட்டு, "இந்தியா போனான்" என்று இருந்தது. போனவன் மடுவத்து நல்லமுத்து.

"அது யாரு, இது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிளாக்கரையா. "நான் வந்ததே நாப்பத்தெட்டுல. போனது நீங்கதான்னு உங்க சங்கத்துக்காரங்களே அச்சடிச்சுக் குடுத்திருக்காங்களாமே. ஆள் அடையாளம் சொல்ல ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்தக் காலத்து ஆளுன்னா பட்டியில காளியாயி ஒண்ணுதான் மிச்சம்."

பட்டிக்குப் போகிற பாதை மாறவே இல்லை. அவருடைய காலில்தான் இப்போது சப்பாத்து இருந்தது.

"யாரு, கொட்டகலை மொதலாளிங்களா?" காளியாயி பால் வாளியைக் கழுவிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "பாத்து வாங்க. சாணியில காலை வச்சிடாதீங்க."

"அக்கா..."

"அக்காவா? கடைவீதியில என்னைக் கண்டா மழை வருதான்னு வானத்தைப் பாப்பீங்களே. பன்னெண்டு வருசமா வராத மழை இன்னைக்கு வந்திருச்சோ?"

நல்லமுத்து விஷயத்தைச் சொன்னார். மதுரையைச் சொன்னார். தேரைச் சொன்னார். காளியாயி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையில் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

"தேராமில்ல தேரு! கறுப்பன் உசுரோட இருந்து இதைக் கேட்டிருந்தா மத்தக் காலையும் மிதிச்சிருப்பான்டா."

பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு அப்ளிகேசன் முடிஞ்சு போச்சு. ஒனக்கு மட்டும் முடியக் கூடாது. அப்படித்தானே?"

"அன்னைக்கு உண்மையாவே அக்கா..."

"பெட்டிக்குப் பின்னால வேட்டிக் கரை தெரிஞ்சிச்சு. பச்சைக் கரை."

ஒரு மாடு அவரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"சரி, வாறேன்," என்றாள் காளியாயி. "பொய் சொல்லச் சொன்னா வரமாட்டேன்."

"உண்மையைத்தான் சொல்லணும் அக்கா."

"உண்மையைச் சொல்றதுக்கு ஆள் தேடி வந்திருக்கியா? ஏன், ஒன் வாய்க்கு என்ன வந்திச்சு?" எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒரு கண்டிசன். சாட்சி முடிஞ்சதும் ஒன் கடையில நான் சோடா குடிப்பேன். பின்பக்கத்து வாங்குல இல்ல. முன்னுக்கு. சங்கத்துக்காரங்க உக்காருற வாங்குல."

இரண்டாவது விசாரணைக்கு அழகம்மையும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சேலை கட்டி முடித்திருந்தாள்.

காளியாயி அதிகாரிக்கு முன்னால் நின்று, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். இரண்டு நல்லமுத்துவில் இவன் எவன் என்று எப்படித் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்க."

"என்ன?"

"இடது காலு சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்க சாமி. பெருவெரல்ல பாதி இருக்காது. கறுப்பன்னு ஒரு காளை மிதிச்சது. டிஸ்பென்சரிப் பொஸ்தகத்துல தேதியோட இருக்கும். நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். ஆம்பளையின்னு பேரு, ஊரே கேக்குற மாதிரிக் கத்துனான்."

கிளாக்கரையா கொடுத்தனுப்பிய டிஸ்பென்சரிப் புத்தகத்தைத் திறந்தார்கள். நாற்பத்தொன்று, ஆவணி. நல்லமுத்து, மாட்டுப்பட்டி, இடது பெருவிரல். மடுவத்து நல்லமுத்து அதற்கு முதல் வருஷமே கப்பலேறியிருந்தான். நல்லமுத்து முதலாளி, வர்த்தகர் சங்கத் தலைவர், விசாரணை மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவி, காலைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற பியோனும் எட்டிப் பார்த்தான். தேர் ஏறிய விரல் அன்றைக்குச் சர்க்கார் ஆவணத்தில் மாடு மிதித்த விரலாக மாறியது.

வெராந்தாவில் அவர் அழகம்மையின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துக் கயிற்றை நெடுநேரம் கட்டினார்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"அப்பா அன்னைக்கே சொல்லிட்டாரு. தேர்ச் சில்லு ஏறினா காலே போயிருக்கும், வெரல் மட்டுமாடி போகும்னு. மதுரையில மூணு வருசம் இருந்தவனுக்கு வைகை ஆறு எந்தப் பக்கம்னு தெரியலைன்னாரு. பையன் பொய் சொல்றான், ஆனா சோடா நல்லா இருக்கு, கட்டிக்கன்னாரு."

"இத்தனை வருசமா ஏண்டி சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

நல்லமுத்துவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒருவரும் வாங்காத சரக்கைப் பன்னிரண்டு வருஷம் தலையில் சுமந்திருக்கிறார். அந்தச் சரக்குக்குக் காவலாகத்தான் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்ததும். வைகிறதற்கு ஆள் தேடிப் பார்த்தார். மனைவியை வைய முடியாது, மாமனார் செத்துப் போனார், காளியாயியை வைகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

அன்று மாலை காளியாயி முன்வாங்கில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இஞ்சிச் சோடா குடித்தாள். சங்கத்துக்காரர்கள் இருவர் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். நல்லமுத்து தன் கையாலேயே கோலியை அமுக்கிக் கொடுத்தார்.

"எப்படி அக்கா?"

"தொரை பங்களா சோடாவுல காஸ் இதைவிடக் கூட," என்றாள் அவள்.

ஐம்பத்தேழில் பிரஜாவுரிமைச் சான்று வந்தது. மடல் தொங்கிய ஆணியில் அதை மாட்டினார். விஷயம் கடைவீதியெல்லாம் தெரிந்துவிட்டது. இனி மதுரை செல்லாது. ஒரு மாதம் சங்கத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு கூட்டத்தில் வேறு வழியில்லாமல் எழுந்து, மாட்டுப்பட்டியில் சாணி சுமந்தேன் என்று சொன்னார். மதுரைக்குக் கிடைக்காத கைத்தட்டல் சாணிக்குக் கிடைத்தது. நல்லமுத்து வியாபாரி. எது போகும் என்று ஒருமுறை தெரிந்தால் போதும்.

அதிலிருந்து சாணிதான். கல்யாண வீடு, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு, கட்டடத் திறப்பு, எங்கே கூப்பிட்டாலும் சாணிக் கூடை மேடையேறியது. மூன்று வருஷம் ஐந்தாயிற்று. ஐந்து ஏழாயிற்று. கறுப்பன் வளர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் காட்டெருமை ஆனான். லெட்சுமணன் புது மடல் அடித்தார்: "சாணி சுமந்து சரித்திரம் படைத்த..."

"மூணு வருசந்தாங்க," என்பாள் அழகம்மை. "கூட்டாதீங்க. மறுபடி யாராவது படிச்சுப் பாத்துடப் போறாங்க."

எதைக் கூட்டினாலும் ஒன்றை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொல்லவில்லை. கடை வாசலில் போட்ட மேசையை. காளியாயி மாதம் ஒருமுறை வந்து முன்வாங்கில் உட்கார்ந்து சோடா குடித்துவிட்டுப் போனாள். அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதனால் அது தீர்ந்துபோன விஷயம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அறுபத்து நாலு கடைசியில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்துச் சனத்தைப் பிரித்துக்கொண்டார்கள். யார் போவது, யார் இருப்பது என்று லயத்துக்கு லயம் பேச்சு. அடுத்த வருஷம் தை மாதம் வாலிபர் சங்கத்து ஆண்டு விழாவில், "தொழில், குடும்பம், தளராத நெஞ்சம்" என்ற தலைப்பில் நல்லமுத்து பேசினார். முக்கால் மணி நேரம். விழுந்தால் எழும்பு, அடித்தால் தாங்கு, அடுத்தவன் உதவியை எதிர்பார்க்காதே என்றார். மாலையைக் கழற்றாமலே கடைக்கு வந்தார்.

முன்வாங்கில் காளியாயி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் வருகிற நாள் இல்லை.

"பேச்சு நல்லாருந்திச்சு. வெளியில நின்னு கேட்டேன்," என்றாள். "எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன வேணும்னாலும் கேளு அக்கா."

"அன்னைக்கு முடிஞ்சு போச்சுன்னீங்களே அப்ளிகேசன். அதுல ஒண்ணு இருக்கா பாரு."

உள்ளே அழகம்மை பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவர் மேசைக்குப் போய் லாச்சியை முழுசாக வெளியே இழுத்தார். அடியில், மஞ்சளாகிப் போய், பதினொன்றும் இருந்தன.

"இதுக்கு இப்பப் பெறுமதி இல்ல அக்கா. வாசல் அடைச்சுப் பதிமூணு பதினாலு வருசமாச்சு."

"தெரியும். எழுது."

லெட்சுமணனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுதினார்.

"பிறந்த இடம்?"

"மூங்கில்மடை. மூணாம் நம்பர் லயம்."

"நாட்டை விட்டு வெளியே போன காலம்?"

"ஒரு நாளும் இல்ல."

எழுதினார். பேனா முள் பழைய தாளில் சிக்கியது.

"சாட்சி வேணுமாம்."

"நீ போடு. மொதலாளின்னு போடாத."

அவர் தன் பேரை எழுதி, பக்கத்தில் "மாட்டுப்பட்டி, மூன்று வருஷம்" என்று எழுதினார். கூட்டவில்லை. காளியாயி மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி வைத்தாள். காய்கிற வரைக்கும் ஊதினாள். நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"தாகமா இருக்கு. சோடா எடு."

அவர் எடுத்து வந்து கோலியை அமுக்கினார். நுரை பொங்கி வேட்டியில் வழிந்தது. அவள் ஒரு வாய் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"அந்தக் கரைக்குப் போனா மதுரைப் பக்கந்தான் எறக்கி விடுவாங்கன்னு தோட்டத்துக் கண்டாக்கையா சொன்னாரு," என்றாள். "எங்க ஐயா பொறந்த ஊரும் அங்கிட்டுத்தானாம். நான் கண்டதில்ல. நீதான் மூணு வருசம் இருந்தவனாச்சே. சொல்லு, எப்படி இருக்கும் மதுரை?"

கேலிக்குக் கேட்கிறாளா என்று நல்லமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.